டெத்ரைட் ஷாமனை எடைபோடுதல்

விலை ஒரு மனா, அதாவது ஆட்டத்தில் கார்டுகளுக்குச் செலவிடும் ஆற்றல். உடல் 1/2: தாக்கும் பலமான பவர் 1, தாங்கும் பலமான டஃப்னெஸ் 2. திறன்கள் மூன்று. 2012 அக்டோபரில் ரிட்டர்ன் டு ராவ்னிகா செட்டில் ரேர் கார்டாக வந்த டெத்ரைட் ஷாமன், மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தின் மாடர்ன் ஃபார்மேட்டில் (எந்தக் கார்டுகளை ஆடலாம் என்று வகுக்கும் பிரிவு) பதினாறு மாதம்தான் நீடித்தது. 2014 பிப்ரவரியில் தடை விழுந்தது. பழைய கார்டுகளையும் ஆடும் லெகசி ஃபார்மேட்டில் 2018 ஜூலை வரை தாக்குப்பிடித்து, அங்கும் தடை வாங்கியது. வெளிவந்த அதே நாட்களில், புதிய செட்டுகளை மட்டும் ஆடும் ஸ்டாண்டர்டில் அதற்கு நல்ல கார்டு என்ற பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். 2019-இல் தொடங்கிய பயனியர் ஃபார்மேட்டில் முதல் நாளிலிருந்தே அதற்கு அனுமதி உண்டு. ஆனால் முன்வரிசை டெக்குகளில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அச்சில் ஓர் எழுத்துகூட மாறாத ஒரு கார்டுக்கு நான்கு இடங்களில் நான்கு தலையெழுத்து. பல வேலை தெரிந்த ஒரு க்ரீச்சரை (களத்தில் நின்று சண்டையிடும் கார்டை) எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வியைப் படிக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. திறன்களின் எண்ணிக்கையை வைத்து இத்தகைய கார்டை அளந்தால் கணக்கு தப்பும் என்பது என் கட்சி. அந்தத் திறன்களுக்கு வேண்டிய தீனியை யார் போடுகிறார்கள், எந்தச் செலவில் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் விலை தெரியும்.

கார்டில் இருப்பது

ஷாமனின் மனா ஹைப்ரிட் வகை. கருப்பைக் கொடுத்தும் இறக்கலாம், பச்சையைக் கொடுத்தும் இறக்கலாம். முதல் திறனுக்கு டேப் செய்தால் (கார்டைச் சாய்த்து வைத்தால்) போதும்: ஏதாவது ஒரு கிரேவ்யார்டிலிருந்து (பயன்பட்ட கார்டுகள் சேரும் குவியல்) ஒரு லேண்ட் கார்டை (மனா தரும் நிலம்) எக்ஸைல் செய்து (ஆட்டத்திலிருந்தே நீக்கி), விரும்பிய நிறத்தில் ஒரு மனா எடுக்கலாம். இரண்டாவதற்குக் கருப்பு மனா ஒன்றும் டேப்பும் வேண்டும்: ஒரு இன்ஸ்டன்ட் அல்லது சார்சரியை (ஒருமுறை பயன்படும் ஸ்பெல் வகைகள்) எக்ஸைல் செய்தால் எதிராளிகள் ஒவ்வொருவரும் 2 லைஃப் (உயிர்ப்புள்ளி) இழப்பார்கள். மூன்றாவதற்குப் பச்சை மனா ஒன்றும் டேப்பும்: ஒரு க்ரீச்சர் கார்டை எக்ஸைல் செய்தால் நமக்கு 2 லைஃப்.

‘ஏதாவது ஒரு கிரேவ்யார்ட்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். நம்முடையதாகவும் இருக்கலாம், எதிராளியுடையதாகவும் இருக்கலாம். 2002-இல் டார்மென்ட் செட்டில் வந்த கிரிம் லாவமேன்சரும் ஒரு மனா க்ரீச்சர்தான். அதுவும் கிரேவ்யார்டைத் தின்றுதான் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நம் சொந்த கிரேவ்யார்டிலிருந்து இரண்டு கார்டு கேட்கும். ஷாமன் ஒன்றுதான் கேட்கிறது, அதையும் எதிராளியின் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

மூன்று திறனுக்கும் டேப் வேண்டும் என்பதால் ஒரு டர்ன் சுற்றில் ஒரு வேலைதான் நடக்கும். மனாவும் எடுத்து, எதிராளியின் லைஃபையும் குறைத்து, நம் லைஃபையும் ஏற்றும் கார்டு என்று மூன்றையும் கூட்டிச் சொல்வது அந்த வகையில் பிழை. வந்த டர்னில் எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் கழித்த பிறகும் கார்டு மாடர்னை ஆட்டிவைத்தது என்றால், காரணம் வேறெங்கோ இருக்கிறது.

எந்த நேரத்தில் கையில் வந்தால் வீண்?

பல்திறன் கார்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். மனா தரும் க்ரீச்சர்களின் பழைய நோய் எல்லோருக்கும் தெரியும். 1993-இன் ஆல்ஃபாவிலிருந்து ஆடப்படும் பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ் முதல் டர்னில் அருமையான கார்டு. எட்டாவது டர்னில் டிரா செய்தால் பெருமூச்சுதான் வரும். 2009-இல் கான்ஃப்ளக்ஸில் வந்த நோபல் ஹயரார்க், தனியாகத் தாக்கும் க்ரீச்சரைப் பலப்படுத்தும் எக்ஸால்டெட் திறனால் அந்த நோயைக் கொஞ்சம் குறைத்தது. ஷாமன் அதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கியது.

ஆட்டம் நீள நீள இரு கிரேவ்யார்டும் நிரம்பும். நிரம்ப நிரம்ப ஷாமனின் பின்னிரண்டு திறன்களும் கனம் பெறும். எட்டாவது டர்னில் வரும் ஷாமன் அடுத்த டர்னிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியிடமிருந்து 2 லைஃப் எடுக்கும். மாடர்னில் எதிராளி தன் லேண்டுகளுக்காகவே லைஃபைச் செலவழிப்பவர். ஃபெட்ச் லேண்டுக்கு (தன்னைப் பலிகொடுத்து டெக்கிலிருந்து வேறு லேண்டை எடுத்து வரும் லேண்ட்) 1, அதைக் கொண்டு தேடி எடுத்த ஷாக் லேண்டை டேப் ஆகாமல் இறக்க 2. முதல் லேண்டிலேயே 17-க்கு இறங்கிவிடும் ஆட்களின் நடுவே சுற்றுக்கு 2 என்பது பெரிய தொகை. அதிலும் அது டேமேஜ் அல்ல, லைஃப் இழப்பு. பிளாக் செய்ய முடியாது, தடுப்பு ஸ்பெல்லால் நிறுத்த முடியாது. ஷாமனின் குறி கிரேவ்யார்டில் உள்ள கார்டுதான், ஆட்டக்காரர் அல்ல. ஆகவே ஆட்டக்காரரைக் குறிவைக்க விடாத லேலைன் ஆஃப் சாங்டிட்டியும் எதிராளிக்குக் கைகொடுக்காது.

எதிராளி சின்னச் சின்ன க்ரீச்சர்களால் விரைந்து அடிக்கும் டெக்காக இருந்தால் மூன்றாவது திறன் எழுந்து நிற்கும். செத்து விழும் அவருடைய க்ரீச்சர்களே நமக்கு 2, 2 ஆக லைஃப் ஆகும். மனா வேண்டிய ஆரம்பத்தில் மனா, முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் லைஃப் இழப்பு, அடிவாங்கும் நேரத்தில் லைஃப் ஏற்றம். ஆட்டக்காரர்கள் இதை ‘ஒரு மனா பிளேன்ஸ்வாக்கர்’ (பிளேன்ஸ்வாக்கர் என்பது சுற்றுக்கு ஒரு திறனைத் தேர்ந்து பயன்படுத்தும் கார்டு வகை) என்று அழைத்தது மிகையில்லை. எந்த டர்னில் வந்தாலும் அந்த டர்னுக்குப் பொருந்திய ஒரு வேலை இருக்கிறது என்பதே இந்தக் கார்டின் பல்திறன்.

தீனியின் கணக்கு

எல்லாம் முதல் திறனில் தொங்குகிறது. இரண்டாவது டர்னில் கிரேவ்யார்டில் லேண்ட் இல்லையென்றால் ஷாமன் வெறும் 1/2.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 கார்டு டெக்கில் 9 ஃபெட்ச் லேண்ட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆடுபவர் தன் இரண்டாவது டர்னின் டிராவோடு 8 கார்டு பார்த்திருப்பார். அந்த எட்டில் ஒரு ஃபெட்சாவது இருக்கும் வாய்ப்பு சுமார் 75 சதவீதம். எதிராளியிடமும் 9 ஃபெட்ச் இருந்து, அவரும் தன் முதல் டர்னுக்குள் 8 கார்டு பார்த்திருந்தால், இருவரில் ஒருவர் கைக்காவது ஃபெட்ச் வந்திருக்கும் வாய்ப்பு 94 சதவீதத்தை நெருங்கும். முல்லிகனையும் (தொடக்கக் கையை மாற்றி எடுப்பது), ஃபெட்சை வைத்துக்கொண்டே பலிகொடுக்காமல் காத்திருக்கும் ஆட்களையும் இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் படம் மாறாது.

இந்த லேண்டுகளை யாரும் ஷாமனுக்காக டெக்கில் வைக்கவில்லை. ஃபெட்ச் லேண்ட் ஏற்கெனவே எல்லோர் டெக்கிலும் இருந்தது, நிறம் சரிசெய்வதற்காக. பலிகொடுத்த பின் அது கிரேவ்யார்டில் கிடந்த குப்பை. அந்தக் குப்பைக்கு ஷாமன் விலை வைத்தது. ஃபெட்சைப் பலிகொடுத்து எடுத்த லேண்டால் ஷாமனை இறக்கினால், அதே ஃபெட்ச் அடுத்த டர்னின் தீனி.

ஸ்டாண்டர்டில் அப்போது ஃபெட்ச் லேண்ட் கிடையாது. இருந்தது எவால்விங் வைல்ட்ஸ். நான்கு வைத்தாலும் அதே 8 கார்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம்தான். அது தேடித் தரும் லேண்டும் டேப் ஆகியே வரும். முதல் டர்னில் எவால்விங் வைல்ட்ஸை வைத்தால் அந்த டர்னில் ஷாமன் இறங்காது. ஷாமனை இறக்கினால் தீனி தள்ளிப்போகும். மாடர்னில் ஒன்றையொன்று தூக்கிவிட்ட இரண்டு செயலும் ஸ்டாண்டர்டில் ஒன்றோடொன்று மோதின. வெவ்வேறு கார்டுகளால் தங்கள் கிரேவ்யார்டைத் தாங்களே நிரப்பிக்கொண்ட டெக்குகளில்தான் ஷாமன் அங்கே நன்றாக ஓடியது. அதாவது அங்கே தீனிக்குக் கார்டும் மனாவும் செலவானது.

லெகசியில் கதை தலைகீழ். பத்து ஃபெட்ச் லேண்டும் உண்டு, போதாததற்கு 1997-இன் டெம்பெஸ்டில் வந்த வேஸ்ட்லேண்ட் எங்கும் உண்டு. எதிராளியின் பேசிக் (அடிப்படை) அல்லாத லேண்டை அழிக்க வேஸ்ட்லேண்டையே பலிகொடுக்க வேண்டும். இரண்டு லேண்ட் கிரேவ்யார்டுக்குப் போகும். ஷாமன் வைத்திருப்பவர் இதைச் செய்தால் எதிராளிக்கு ஒரு லேண்ட் போய், தனக்கு இரண்டு தீனி வரும். எதிராளி செய்தாலும் தீனி ஷாமனுக்குத்தான். லேண்டை அழித்து ஆளை முடக்குவது லெகசியின் பழைய உத்தி. அந்த உத்தியைக் கையாள்பவருக்கு இது பரிசாகவும், எதிர்கொள்பவருக்குக் கேடயமாகவும் ஆனது.

ஸ்டாக்கில் நடப்பது

ஷாமனின் முதல் திறன் மனா தந்தாலும், விதிப்படி அது மனா திறன் அல்ல. குறி வைக்கும் திறன் எதுவும் மனா திறனாகக் கணக்கில் வராது. ஆகவே அது ஸ்டாக்கில் (தீர்வுக்குக் காத்திருக்கும் வரிசை; கடைசியில் ஏறியது முதலில் தீரும்) ஏறும், எதிராளி பதில் செய்யலாம். பேர்ட்ஸின் மனாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு ஸ்பெல்லுக்கு விலை செலுத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் ஷாமனைத் தட்டவும் (டேப் செய்யவும்) முடியாது. முன்கூட்டியே தட்டி, மனா வந்த பிறகுதான் ஸ்பெல்லை அறிவிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும், பதிலுக்கு ஷாமனைக் கொன்றுவிட்டால் மனா வராது என்று பலர் நினைப்பார்கள். வரும். ஸ்டாக்கில் ஏறிய திறன் ஷாமன் செத்தாலும் நிற்கும். குறிவைத்த லேண்டை அகற்றினால்தான் திறன் விழும். அதைச் செய்ய வல்லது பெரும்பாலும் இன்னொரு ஷாமன்.

இருபுறமும் ஷாமன் இருக்கும் ஆட்டங்கள் என்னை இன்றும் கவர்கின்றன. நான் என் டர்னில் ஒரு லேண்டைக் குறிவைத்துத் தட்டுகிறேன். எதிராளியின் ஷாமன் டேப் ஆகாமல் நின்றால், அவர் அதே லேண்டைக் குறிவைத்துப் பதில் தட்டுகிறார். அவருடையது முதலில் தீர்கிறது, லேண்ட் போய்விடுகிறது, என் திறன் வீண். கிரேவ்யார்டில் பத்து லேண்ட் கிடந்தாலும் பயனில்லை, ஏனென்றால் நான் ஏற்கெனவே ஒன்றைக் குறித்துவிட்டேன். அதோடு முடியவில்லை. என் ஷாமன் இப்போது டேப் ஆகிக் கிடக்கிறது. அவருடைய டர்னில் அவருடையது நிமிர்ந்துவிடும். நான் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டாமல் வைத்திருப்பவர் கையில் ரத்து அதிகாரம் இருக்கிறது. ஆனால் தட்டாமலே இருந்தால் மனாவும் இல்லை. எப்போது பொறுப்பது, எப்போது பாய்வது என்பதை 1/2 உடம்பில் வைத்து அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்த இழுபறியில் முதலில் ஆடியவருக்கு ஒரு சலுகை உண்டு. அவருடைய இரண்டாவது டர்னில் எதிராளியின் ஷாமன் இன்னும் புதிது. தன் அடுத்த டர்ன் தொடங்கும்வரை அது டேப் திறனைப் பயன்படுத்த முடியாது. அந்த ஒரு டர்னில் யாராலும் தடுக்க முடியாத மூன்றாவது மனா கிடைக்கும். இரண்டாவது டர்னிலேயே லிலியானா ஆஃப் தி வெய்ல் என்ற மூன்று மனா பிளேன்ஸ்வாக்கர் இறங்குவது அந்தக் காலத்து ஜண்ட் (கருப்பு-சிவப்பு-பச்சை) டெக்கின் கையெழுத்து போன்றது. அவளுடைய ப்ளஸ் ஒன் திறன் இருவரையும் ஒவ்வொரு கார்டு டிஸ்கார்ட் செய்யவைக்கும். ஷாமனுக்கு மேலும் தீனி.

இன்னொன்று, டார்மோகாய்ஃப் என்ற க்ரீச்சர். எல்லா கிரேவ்யார்டுகளிலும் சேர்த்து எத்தனை கார்டு வகை உள்ளதோ அதுதான் அதன் பவர். டஃப்னெஸ் அதைவிட ஒன்று கூடுதல். லேண்டும் சார்சரியும் மட்டும் கிடக்கும்போது அது 2/3. அதன்மீது லைட்னிங் போல்ட் போட்டால், 3 டேமேஜ் விழுந்த கையோடு போல்ட்டே கிரேவ்யார்டுக்குப் போய் இன்ஸ்டன்ட் வகையைச் சேர்க்கும். காய்ஃப் 3/4 ஆகி உயிர் தப்பும். இந்தக் கணக்கில் போல்ட்டை இழந்தவர்கள் ஏராளம். ஷாமன் நிற்கும்போது முடிவு வேறு. கருப்பு மனா ஒன்று கொடுத்து அந்த போல்ட்டையே எக்ஸைல் செய்தால் காய்ஃப் மறுபடி 2/3 ஆகும், உடம்பில் 3 டேமேஜ் அப்படியே இருக்கும். அது சாகும், எதிராளி 2 லைஃபும் இழப்பார். மொத்தம் இரண்டு மனா.

ஸ்னாப்காஸ்டர் மேஜ் என்ற க்ரீச்சர் வந்து ஒரு ஸ்பெல்லுக்கு ஃப்ளாஷ்பேக் (கிரேவ்யார்டிலிருந்து மறுபடி போடும் உரிமை) தரும் அந்த டிரிகர் (தானாக எழும் திறன்) ஸ்டாக்கில் இருக்கும்போதே ஸ்பெல்லை எக்ஸைல் செய்துவிடலாம். டிரிகர் தீரும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும், ஏனென்றால் தன் டர்னில் முதல் வாய்ப்பு அவருக்குத்தான். கிச்சன் ஃபிங்க்ஸ் என்ற க்ரீச்சர் செத்ததும் பெர்சிஸ்ட் திறனால் திரும்பி வரப் பார்க்கும்போதும் இதே வழி. லெகசியில் பனிஷிங் ஃபயர் என்ற ஸ்பெல் கைக்குத் திரும்பும் கணத்திலும் இதே வழி. கிரேவ்யார்டிலிருந்து க்ரீச்சரை எழுப்பும் டெக்குகள் ஒரு பெரிய க்ரீச்சரைப் புதைத்துவிட்டு அதைக் குறிவைத்து ஸ்பெல் போட்டால், ஒரு பச்சை மனா அந்தத் திட்டத்தையே முடித்துவிடும். சைட்போர்டில் (ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்ள ஒதுக்கும் கார்டுகள்) தனியாக இடம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலையை மெயின் டெக்கில் இருக்கும் மனா க்ரீச்சர் போகிறபோக்கில் செய்தது. நேரடியாக அளக்க முடியாத இந்த மதிப்பைத்தான் முதல் பார்வையில் எல்லோரும் குறைத்துப் போடுவார்கள்.

எதிர்த் தட்டில்

குறைகள் இல்லாமல் இல்லை. லைட்னிங் போல்ட் ஒன்று போதும். ஆனால் முதல் டர்ன் மனா க்ரீச்சர் எதற்கும் போல்ட் விழுவது வழக்கம்தான். மனாவுக்கு மனா, கார்டுக்குக் கார்டு என்று சமன். டஃப்னெஸ் 2 என்பது சாதாரணமாகத் தோன்றினாலும், -1/-1 ஆக்கும் ஸ்பெல்களில் பேர்ட்ஸும் ஹயரார்க்கும் சாகும் இடத்தில் ஷாமன் நிற்கும். ஸ்னாப்காஸ்டரோ டார்க் கான்ஃபிடன்டோ அடிக்க வந்தால் பிளாக் செய்து தானும் செத்து அதையும் கொல்லும்.

அதே ரிட்டர்ன் டு ராவ்னிகா செட்டிலேயே ரெஸ்ட் இன் பீஸ் வந்தது. அது களத்தில் இருக்கும்வரை கிரேவ்யார்ட் என்ற ஒன்றே இல்லை. ஒரு மனா ஸ்பெல்களை ரத்து செய்யும்படி ஒன்றில் வைத்த சாலிஸ் ஆஃப் தி வாய்டும் ஷாமனை வாசலிலேயே நிறுத்தும். இவை மெய்யான பதில்கள். ஆயினும் ஜண்ட் போன்ற டெக் கிரேவ்யார்டை நம்பி நிற்பதில்லை. ரெஸ்ட் இன் பீஸைக் கொண்டுவருபவர் ஒரு கார்டையும் இரண்டு மனாவையும் செலவிட்டு, காய்ஃப்பைச் சுருக்கி ஷாமனை ஊமையாக்கலாம். அதற்குள் லிலியானா களத்தில் இருப்பாள்.

சொந்த டெக்குக்குள்ளேயே ஒரு சண்டை உண்டு. ஷாமன் தின்னும் கார்டுகளை காய்ஃப்பும், ஸ்னாப்காஸ்டரும், கிரேவ்யார்டை எக்ஸைல் செய்து விலை குறைக்கும் டெல்வ் ஸ்பெல்களும் கேட்கும். லெகசியின் கிரிக்ஸிஸ் (நீலம்-கருப்பு-சிவப்பு) டெல்வர் டெக் இதைப் பொறுத்துக்கொண்டு ஷாமனையும், டெல்வ் க்ரீச்சரான குர்மாக் ஆங்லரையும் சேர்த்தே ஆடியது. ஷாமன் சுற்றுக்கு ஒரு கார்டுதான் எடுக்கும், எதை எடுப்பது என்பதும் நம் கையில் என்பதால் அது தாங்கக்கூடிய சண்டை. இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த டெக்கில் பச்சை நிறம் ஏறக்குறைய இல்லை என்பது வேறொரு பாடம். ஹைப்ரிட் விலையால் கருப்பு மனாவே ஷாமனை இறக்கப் போதும். மூன்று திறனில் இரண்டை மட்டும் பயன்படுத்தியே அந்த டெக் லெகசியின் உச்சியில் நின்றது. எண்ணிக்கையால் மதிப்பிடுபவர் இங்கே மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார். கழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

தடைகளைப் படிக்கும் விதம்

மாடர்னில் ஜண்ட் மிஞ்சிப்போனபோது முதலில் வெட்டப்பட்டது ஷாமன் அல்ல, பிளட்ப்ரெய்ட் எல்ஃப், 2013 ஜனவரியில். நான்கு மனா கொடுத்தால் தானும் வந்து இன்னொரு ஸ்பெல்லையும் இலவசமாக இழுத்து வரும் கார்டு அது. அதன் பலம் பளிச்சென்று கண்ணில் படும். ஷாமனின் பலம் ஆட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்: இங்கே ஒரு மனா, அங்கே 2 லைஃப், வேறெங்கோ எதிராளி போடாமலே விட்ட ஒரு ஸ்னாப்காஸ்டர். ஓராண்டு கழித்து ஷாமனும் தடைக்குப் போனது. 2018 பிப்ரவரியில் பிளட்ப்ரெய்டை விடுவித்தார்கள், மாடர்ன் அதைத் தாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஷாமன் லெகசியிலும் வெளியேற்றப்பட்டது, கிடாக்ஸியன் ப்ரோப் என்ற கார்டோடு சேர்த்து. பிளட்ப்ரெய்ட், ஷாமன் இரண்டில் எது டெக்கின் எலும்பு, எது சதை என்பதற்கு இந்தத் தேதிகளே எனக்குப் போதுமான சான்று.

பயனியர் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனைக் கூடம் மாதிரி அமைந்துவிட்டது. ரிட்டர்ன் டு ராவ்னிகாவிலிருந்து தொடங்கும் ஃபார்மேட் அது. தொடங்கும்போதே ஐந்து ஃபெட்ச் லேண்டுகளுக்குத் தடை போட்டார்கள், ஷாமனைத் தொடவில்லை. தீனியை எடுத்துவிட்டு மிருகத்தை விட்டுவைத்தார்கள். விளைவு தெரிந்ததே: ஃபேபிள்ட் பேசேஜ் போன்ற லேண்டுகளை வைத்து முயன்று பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் முதல் டர்ன் ஷாமனைக் கண்டு அங்கே யாரும் நடுங்குவதில்லை.

மாடர்னில் தடையை நீக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழும். 2024 டிசம்பரில் மாக்ஸ் ஓபல், ஃபெய்த்லெஸ் லூட்டிங், கிரீன் சன்ஸ் ஜெனித், ஸ்ப்ளின்டர் ட்வின் ஆகிய நான்கையும் ஒரே நாளில் விடுவித்தபோது அந்தப் பட்டியலில் ஷாமன் இல்லை. மாடர்னின் வேகம் இப்போது எங்கோ போய்விட்டது, ஒரு மனா 1/2 என்ன செய்துவிடும் என்பது விடுவிக்கச் சொல்பவர்களின் வாதம். நான் ஒப்பமாட்டேன். தடை விழுந்த நாளில் மாடர்னில் ஜெண்டிகாரின் ஐந்து ஃபெட்ச் லேண்டுகள்தான் இருந்தன. அதே 2014-இன் செப்டம்பரில் கான்ஸ் ஆஃப் டார்கிர் வந்து மற்ற ஐந்தையும் சேர்த்தது. இன்று எந்த இரண்டு நிறம் ஆடினாலும் அதற்கேற்ற ஃபெட்சை நான்கு நான்காக வைக்கலாம். 2014-இல் ஷாமனுக்குக் கிடைத்ததைவிட இப்போது மாடர்னில் தீனி அதிகம், கிரேவ்யார்டை நம்பி ஆடும் டெக்குகளும் குறையவில்லை. இந்த நிலையில் கதவைத் திறந்தால், கருப்பு அல்லது பச்சை தொட்ட டெக் ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் எதற்கு என்பது அன்றே முடிவாகிவிடும்.